பல்லும் பழியும்

கடற்கரையில் நிற்பவனை அலை அழைக்கிறது; அச்சமோ அவன் காலைப் பிடித்து இழுக்கிறது. சுறாவைக் கண்டவனா அவன்? படம் கண்டவன்!

1974-ல் பீட்டர் பெஞ்ச்லி எழுதிய புதினத்தை, அடுத்த ஆண்டே 'ஜாஸ்' எனும் திரைப்படமாக்கினார் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். அவரது கலைத்திறனை நாம் குறைத்துரைப்பதற்கில்லை. கடல்நீர் பட்டு இயந்திரச் சுறா அடிக்கடி பழுதாயிற்று. ஆகவே, படத்தின் பெரும்பகுதியில் சுறாவைக் காட்டாமலே, நீர்ப்பரப்பையும் ஜான் வில்லியம்ஸின் இரண்டே சுரங்களையும் கொண்டு காண்போரை நடுங்க வைத்தார்.

ஆயினும் தோழர்களே, அப்படம் சொல்லும் கதைதான் என்ன? கடலில் ஒரு பெண் இறக்கிறாள். உண்மையை உரைத்தால் கோடைக்கால வணிகம் கெடுமே என்று நகரத் தலைவர் மூடி மறைக்கிறார். அடுத்து ஒரு சிறுவன் பலியாகிறான். மகனை இழந்த தாய் 3,000 டாலர் பரிசு அறிவிக்கிறாள். உடனே படகேறுகிறது ஒரு கூட்டம்! ஒரு சுறாவைக் கொன்று தொங்கவிட்டு, வெற்றிச் சிரிப்புடன் புகைப்படமும் எடுத்துக்கொள்கிறது. கொல்லப்பட்டதோ வேறொரு சுறா! இரவில் அதன் வயிற்றைக் கிழித்துப் பார்க்கிறார் ஆய்வாளர். சிறுவனின் உடல் அங்கு இல்லை. மோட்டார் வண்டியின் எண் பலகை கிடக்கிறது!

இதனையே படத்தின் உயிர் என்போம். பேராசை பிடித்த ஆட்சியாளனையும், ஆராயாமல் அடிக்கும் கும்பலையும் ஒருங்கே தோலுரிக்கும் பகுதி இது. ஆனால், கொட்டகையைவிட்டு வெளியே வந்தவர் நெஞ்சில் நின்றவை பற்கள் மட்டுமே! அமெரிக்கக் கிழக்குக் கரையில் சுறா வேட்டைப் போட்டிகள் பெருகின. எள்ளி நகையாடப்பட்ட கும்பலின் வேடத்தையே பார்த்தவர் பூண்டனர்.

பழி அவர்களுக்கு மட்டுமா? கும்பலை ஏளனம் செய்த அதே படம், முடிவில் ஒரு மீனுக்குப் பகையுணர்ச்சியை ஏற்றி, படகைத் துரத்தச் செய்து, வெடித்துச் சிதறடித்துக் கைதட்டல் பெறுகிறதே! மெய்ந்நிலை என்ன? சுறாக்களில் 500-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. உலகெங்கும் ஓராண்டில் அவற்றால் இறப்போர் பெரும்பாலும் பத்துக்கும் குறைவு. மனிதரால் இறக்கும் சுறாக்களோ, ஆய்வாளர் கணிப்புப்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி! எல்லாம் படத்தின் வினை என்று நாம் கூறோம். துடுப்புக்கும் இறைச்சிக்கும் நடக்கும் வணிகமே பெருங்காரணம். எனினும், கொடியது என்று பெயர் வாங்கிய உயிருக்காகப் பரிந்து பேசுவார் யார்?

பெஞ்ச்லி பேசினார். தம் பிற்கால வாழ்வில், 2006-ல் மறையும்வரை, சுறாக்களின் காவலராகவே விளங்கினார். அவை அழிந்தமைக்கு வருந்துவதாக 2022-ல் ஸ்பீல்பெர்க்கும் வானொலியில் கூறினார். இடையே, 2013-ல், டிஸ்கவரி தொலைக்காட்சி செய்தது என்ன தெரியுமா? பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்த மெகலடான் சுறா இன்னும் உயிரோடிருப்பதாக, நடிகர்களுக்கு அறிவியலாளர் வேடமிட்டுப் படம் காட்டிற்று!