களப்பணியை நடத்துவோருக்குக் கல்வி எது?

கல்லூரிப் படிப்போடு சமுதாயப் பணியை இணைக்கவேண்டும் என்னும் கருத்து நம் நாட்டிற்குப் புதியதன்று. 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு தொடங்கிற்று. 2020-இல் பல்கலைக்கழக மானியக் குழு, சமுதாய ஈடுபாட்டை மாணவர் அனைவருக்கும் உரிய 30 மணி நேரப் பாடமாக்கும் நெறிமுறைகளை வெளியிட்டது. அதன் நோக்கத்தை நாம் மனமுவந்து வரவேற்கிறோம். ஆயினும் ஒரு குறையைச் சுட்டாதிருக்க இயலவில்லை. மாணவர் எதைக் கற்கவேண்டும் என்பது அங்கே விரிவாகக் கூறப்படுகிறது. அவரை ஊருக்குள் அழைத்துச் செல்பவர் எதைக் கற்றிருக்கவேண்டும் என்பது அந்த அளவிற்கு ஆராயப்படவில்லை.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் நூறு மாணவர் கொண்ட அணிக்கு ஓர் ஆசிரியர் திட்ட அலுவலராகிறார். வேதியியலோ வணிகவியலோ கற்பிக்கும் அவருக்கு இப்பணிக்கெனக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு வார அறிமுகப் பயிற்சி. சில ஆண்டுகளில் பொறுப்பு கைமாறுகிறது. ஒரு சபையை ஒருவரிடம் ஒப்படைக்குமுன் பல ஆண்டுக் கல்வியையும் மூத்த ஆயரின்கீழ்ப் பயிற்சியையும் கேட்கிற நாம், ஒரு கிராமத்தை ஒப்படைக்க ஒரு வாரம் போதும் என்று எண்ணலாமோ?

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியை எடுத்துக்கொள்வோம். சுப்பிரமணிய சிவா ஆசிரமம் அமைத்து வாழ்ந்து, 1925 ஜூலை 23-இல் உயிர்நீத்த ஊர் இது. இங்கு முகாமிடும் கல்லூரி, அவர் நினைவிடத்தைத் தூய்மை செய்து, மரக்கன்று நட்டு, ஊர்வலம் நடத்தி, ஏழாம் நாள் விடைபெறலாம். அறிக்கையும் நிறைவாகவே அமையும். ஆனால் இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி. மக்களின் பற்களும் எலும்புகளும் அதற்குச் சான்று. இதன்பொருட்டே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொணரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயற்பாட்டிற்கு வந்தது. அந்நீர் எந்தத் தெருவிற்கு ஒழுங்காக வருகிறது, எந்தத் தெரு இன்னும் ஆழ்துளைக் கிணற்றை நம்புகிறது, காலனிக்குக் குழாய் எப்போது வந்தது என்று மாணவரைக் கேட்கவைப்பது நல்லாசிரியரின் வேலை. அக்கேள்விகள் வேதியியலையும் பேரூராட்சி நிர்வாகத்தையும் சாதியையும் ஒருங்கே தொடும். அவற்றை எழுப்பவும், அதனால் எளியோர்க்குத் தீங்கு நேராமல் காக்கவும், மாணவரோடு அமர்ந்து கண்டவற்றைச் சிந்திக்கவும் பயிற்சி வேண்டும். அஃதில்லாவிடில் வறியவர் ஒரு காட்சிப்பொருள் என்பதையே மாணவர் கற்றுத் திரும்புவர்.

முதுகலைப் பட்டம் ஒன்றை நிறுவினால் குறை தீரும் என்பார் உளர். அமெரிக்காவில் இத்தகைய பட்டங்கள் வழங்கப்படுகின்றன. இங்கும் அது வேண்டும் என்பதே நம் கருத்து. ஆனால் வளாகத்திற்குள்ளேயே தொடங்கி முடியும் பட்டம் பதவி உயர்வுக்கு இன்னொரு சான்றிதழாகவே நின்றுவிடும். 1956-இல் தோன்றிய காந்திகிராமக் கிராமிய நிறுவனம் கற்பித்தலோடும் ஆராய்ச்சியோடும் கிராம விரிவாக்கப் பணியை இணைத்துக் காட்டியது. மதுரை லேடி டோக் கல்லூரி சேவைவழிக் கற்றலைப் பாடங்களோடு பிணைத்தது. பாப்பாரப்பட்டியிலேயே உள்ள வேளாண் அறிவியல் நிலையம், செய்துகாட்டிக் கற்பிக்கும் முறைக்குச் சான்றாகும். இவற்றினின்று பாடம் கற்று, பணியிலுள்ள ஆசிரியர்க்கு ஈராண்டுப் பகுதிநேரப் படிப்பை அமைக்கலாம். ஊர் வரலாறு, உள்ளாட்சிச் சட்டம், கணக்கு, குழுச் சிந்தனையை நடத்தும் முறை ஆகியவை அதில் இடம்பெறட்டும். ஒரே ஊரில் ஈராண்டும் தொடர்ந்து பணியாற்றுதல் கட்டாயமாகட்டும்.

தேர்வாளர் யார் என்பதே இறுதிக் கேள்வி. மதிப்பெண்ணில் ஒரு பகுதியை அவ்வூராரே, சிறப்பாகக் காலனி மக்களும் பெண்களும், வழங்கவேண்டும் என்கிறோம். பேராசிரியர் பலர்க்கு இது கசக்கும். எனினும் சீடரின் பாதங்களைக் கழுவிய ஆண்டவர் முதலில் தம் மேலாடையைக் கழற்றிவைத்தார் என்பதை நாம் அறிவோம். நம் கிறிஸ்தவக் கல்லூரிகளின் ஆட்சிமன்றங்களில் அமர்ந்திருக்கும் ஆயர்கள் இதனை அடுத்த கூட்டத்திலேயே எழுப்புவார்களாக.