அடியில் வைக்கோல்

எலெஃபான்டன்ட்ரெஃபன் என்ற குளிர்கால மோட்டார் சைக்கிள் கூட்டத்துக்குப் போய் வந்தவர்கள் பேச ஆரம்பித்தால் பாதிப் பேச்சு நெருப்பைப் பற்றித்தான். எவ்வளவு விறகு வாங்கினார்கள், எத்தனை மணி வரை எரிந்தது, பக்கத்து டென்ட்டுக்காரர் எவ்வளவு பெரிதாக மூட்டினார். படங்களிலும் அதுவே: பள்ளம் நிறையப் புகை, தழல், நடுவே சைடுகார்கள். நெருப்பின் மேல் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் அது உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் உதவும், அதுவும் முன்பக்கத்துக்கு மட்டும். உள்ளே நுழைந்து ஜிப்பை இழுத்துவிட்ட பிறகு விடியும்வரை துணை நிற்பது முதுகுக்கு அடியில் கிடப்பதுதான். அங்கே போடுவதற்கு வைக்கோலுக்கு நிகராக இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

ஜெர்மனியில், பவேரியக் காட்டின் சோல்லாவில் 1989 முதல் இந்தக் கூட்டம் நடக்கிறது. ஜனவரி கடைசி, இல்லையென்றால் பிப்ரவரி தொடக்கம். கூட்டம் மொய்க்கும் அந்தப் பள்ளத்துக்குச் சூனியக்காரியின் கொப்பரை என்று பெயர். இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் இறங்கி, அடியில் தேங்கும். சரிவின் மேற்பாதியில் இடம் பிடித்தவர்களுக்குக் கொஞ்சம் பிழைப்பு உண்டு. ஆனால் கலகலப்பெல்லாம் கீழே இருப்பதால் எல்லோரும் கீழேதான் இறங்குகிறார்கள். நானும் இறங்குவேன். அதனால்தான் அடிப்படுக்கையைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

விறகும் வைக்கோலும் அங்கேயே விலைக்குக் கிடைக்கும். வைக்கோலை விரிப்பதில் ஒரு கலை இருக்கிறது என்பதை, சைடுகார் பூட்டிய பழைய எம்இசட்டில் வந்திருந்த ஒரு கிழவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பெயர் கேட்கவில்லை. வந்தவர் டீகூடக் குடிக்காமல் முதலில் பனியை பூட்ஸால் மிதித்தார். டென்ட்டின் அளவுக்கு மிதித்து, அது இறுகட்டும் என்று விட்டுவிட்டு, கட்டைப் பிரித்தார். கட்டைப் பிரித்தால் வைக்கோல் அடுக்கடுக்காக வரும். அவசரக்காரர்கள் அப்படியே பலகை பலகையாகப் பரப்பிவிடுவார்கள். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே இருக்கும் இடுக்கு நேராக இடுப்புக்குக் கீழே வந்து நிற்கும். இரவு இரண்டு மணிக்கு அந்த இடுக்கின் வழியாகத் தரை தன்னைத் தெரியப்படுத்தும். கிழவர் ஒவ்வொரு அடுக்கையும் கையால் கோதி உதறினார். ஈரம் பட்ட பிடியை முகர்ந்து பார்த்துத் தனியே எறிந்தார். முழங்கால் உயரத்துக்குக் குவித்து, தலைப்பக்கம் சற்றுத் தூக்கலாக விட்டு, அதன் மேல்தான் டென்ட்டை நிறுத்தினார். டென்ட்டுக்குள்ளே ஒரு துரும்பும் போகவில்லை. அத்தனையும் தரைத் துணிக்கு வெளியே. முடிவதற்குள் இருட்டிவிட்டது. அன்று இரவு சுற்றிலும் ஆட்கள் எழுந்து எழுந்து நடந்துகொண்டிருக்க, அவருடைய குறட்டை மட்டும் சீராக வந்தது.

காரணம் எளிது. எவ்வளவு விலை உயர்ந்த ஸ்லீப்பிங் பேக்காக இருந்தாலும் நம் எடைக்குக் கீழே இறகு நசுங்கிவிடும். நசுங்கிய இறகில் காற்று இல்லை, காற்று இல்லையென்றால் காப்பும் இல்லை. கோதுமை வைக்கோல் நம் ஊர் நெல் வைக்கோலைப் போலத் துவளாது. தண்டு விறைப்பானது, உள்ளே கூடானது. அமுங்கினாலும் காற்றை விடாது. உடம்புச் சூடு கீழே இறங்காததால் பனி உருகிக் குழியாவதும் இல்லை. முதல் ஒரு மணி நேரத்தில் தோளுக்கும் இடுப்புக்கும் அதுவே பள்ளம் விட்டுக்கொடுக்கும். அந்தச் சுகம் எந்த மெத்தையிலும் இல்லை.

காற்று மெத்தைக்காரர்கள் குளிர்க் காப்பை அளக்கும் ஆர்-மதிப்பைக் காட்டுவார்கள். 5, 6, அதற்கும் மேலே என்று. எண்ணை மறுக்கவில்லை. ஆனால் வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே போய் உறைகிறது. ஒரு ஓட்டை விழுந்தால் அத்தனை எண்ணும் பூஜ்யம். சாதாரண நுரைப் பாய் ஒன்றை வைக்கோலுக்கு மேலே போடுங்கள். அதற்கு ஓட்டை பயம் கிடையாது. நார்வே பக்கத்து ஆட்கள் கலைமான் தோல் கொண்டுவருவார்கள். அந்த முடிக்குள்ளும் காற்றறைகள் இருக்கின்றன. அதற்கு மட்டும் நான் தலைவணங்குவேன். டென்ட்டுக்குள் கேஸ் ஹீட்டர் வைப்பவர்களோடு வாதமே இல்லை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தயவுசெய்து வேண்டாம்.

மற்றவை உங்களுக்குத் தெரிந்ததுதான். பியூட்டேன் 0 டிகிரிக்குக் கீழே ஆவியாக மறுக்கும், ஆகவே பெட்ரோல் அடுப்பு. படுக்குமுன் கொதிநீர் பாட்டிலைத் தொடையிடுக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லீப்பிங் பேக்கில் கம்ஃபர்ட் என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள், அதற்குக் கீழே இருக்கும் எண்களை விட்டுவிடுங்கள். எவ்வளவு குளிரானாலும் மேல் ஜன்னலை ஒரு கை அகலம் திறந்து வையுங்கள். இல்லையென்றால் உங்கள் மூச்சே காலையில் உறைபனியாக உங்கள் மேல் உதிரும்.

1956-ல் ஸ்டுட்கார்ட் அருகே சோலிட்யூடில் எர்ன்ஸ்ட் லெவர்குஸ் இந்தக் கூட்டத்தைத் தொடங்கியபோது அழைத்தது ட்சுண்டாப் கேஎஸ் 601 ஓட்டுபவர்களைத்தான். பச்சை யானை என்று பேரெடுத்த அந்த வண்டியால்தான் கூட்டத்துக்கே யானைப் பெயர். சைடுகார் பூட்டி ஓட்டப் பிறந்த வண்டி அது. சைடுகார் இருந்தால் ஒரு கட்டு வைக்கோலுக்கு எங்கும் இடம் உண்டு. இப்போது பலர் வைக்கோலை வாங்குவதே உட்காருவதற்கும் நெருப்பு மூட்டுவதற்கும்தான். நல்ல உலர்ந்த கட்டு, பிரிக்கக்கூட இல்லை, பீர் பாட்டிலுக்கு மேசையாகி, நனைந்து, கடைசியில் தழலில் போகிறது. அதன் சொந்தக்காரர் பேட்டரிச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறார். பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. படுக்கை விரிக்க ஒரு மணி நேரம் ஒதுக்கும் பொறுமை அருகிவிட்டது.

அடுத்த குளிர்காலம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். விறகு வரிசையில் நிற்பதற்கு முன் வைக்கோலை வாங்குங்கள், ஆளுக்கு ஒரு முழுக் கட்டு. கையை உள்ளே விட்டு ஈரமில்லை என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.