வள்ளியம்மாள் பேரன்

காட்பாடி ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ஒரு தேநீர்க் கடையில்தான் அந்தப் பாட்டை முதன்முதலில் கேட்டேன். 2021-ஆம் வருஷம், வேலூர் வெயில் தன் சுயரூபத்தைக் காட்டத் தொடங்கியிருந்த சமயம். கடைப் பையன் டம்ளர் கழுவிக்கொண்டே செல்போனோடு சேர்ந்து பாடினான்.

"எந்த சினிமாவுலப்பா?" என்று கேட்டேன்.

"சினிமா இல்ல சார். நம்ம அரக்கோணத்தாரு ஒருத்தரு, அவுங்க ஆயாவைப் பத்திப் பாடுனது."

அரக்கோணம் இங்கிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர். எத்தனையோ முறை அந்த ஊரைத் தூங்கிக்கொண்டே கடந்திருக்கிறேன். அங்கே ஒரு பாட்டுக்காரன் வளர்ந்துகொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தபோது ஏற்பட்டது வெறும் மகிழ்ச்சி என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் கூடவே ஒரு கூச்சமும் ஏற்பட்டது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பாட்டு, 'எஞ்சாயி எஞ்சாமி'. பாட்டுக்காரர், அறிவரசு கலைநேசன் என்கிற அறிவு. பொறியியல் படித்தவர். பா. ரஞ்சித் முன்னின்று 2017-ல் தொடங்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழுவில் பாடி வெளியே தெரிய வந்தார். அந்தக் குழுவின் பெயருக்கு மூலம் அயோத்திதாச பண்டிதரின் சிந்தனை. பறையும் கானாவும் ராப்பும் ஒரே மேடையில் ஏறின. தோல் ஷாப்பின் வாடை காற்றோடு வரும் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பறையின் தோல் எங்கிருந்து வருகிறது, அதை உரித்தவன் யார், பதப்படுத்தியவன் யார் என்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாத்தியத்தைச் சாவு வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தவர்கள் நாம்தான்.

2019-ல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' என்ற தொகுப்பை அறிவு வெளியிட்டார். வள்ளுவரைச் சீண்டுகிற அந்தத் தலைப்பே பாதி விமர்சனம். ராப் என்பதைச் சிலர் சங்கீதமே அல்ல என்கிறார்கள். தெருக்கூத்தில் கட்டியக்காரன் மூச்சுவிடாமல் அடுக்குகிற வசனத்தைக் கேட்டு வளர்ந்த வடாற்காட்டுக்காரனுக்கு அந்தச் சந்தேகம் வராது. சொல்லே தாளமாக ஓடுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் 'தெருக்குரல்' முழுவதும் எனக்குப் பிடித்துவிடவில்லை. கோபம் நியாயமானது, சொற்கள் கூர்மையானவை, எதுகை அகப்பட்டால் விடுவதே இல்லை. இருந்தும் பல இடங்களில் கோஷம் முன்னால் வந்து நிற்கிறது, மனிதன் பின்னால் மறைந்துவிடுகிறான். கதை எழுதுகிறவனுக்கு இது பொறுக்காது. சினிமாவுக்கு அவர் கொடுத்த பாட்டுக்களிலும் சில, யார் எழுதியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்ற ரகம்.

'எஞ்சாமி'யில் அந்தக் குறை கிடையாது. காரணம், அதில் அறிவு பேசவில்லை; அவருடைய பாட்டி வள்ளியம்மாள் பேசுகிறாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர் இந்தியாவுக்குத் திரும்பியவள். அந்தத் திரும்புதலுக்குப் பின்னால் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்து, 1974-ல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். பாகப்பிரிவினையில் பித்தளைப் பாத்திரத்தைக்கூட இப்படிப் பிரிக்க மாட்டார்கள்! தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களிடம், எந்த மரத்தை விட்டுப் போகிறாய் என்று யார் கேட்டார்கள்? பாட்டு அதைத்தான் கேட்கிறது. அதுவும் துள்ளுகிற தாளத்தில். ஒப்பாரியின் சொல்லைக் குழந்தைகள் ஆடுகிற சந்தத்தில் வைத்ததுதான் அதன் சாமர்த்தியம். பாடிவிட்டுப் போகிறவனுக்கு மூன்று நாள் கழித்துத்தான் அர்த்தம் உறைக்கும்.

பாட்டு உலகம் சுற்றியது. அதன் பிறகு வந்தது சச்சரவு. 2021 ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் உடன் பாடிய தீயின் படம் வந்தது, அறிவின் படம் இல்லை. கண்டனம் எழுந்த பிறகு அவருக்கென்று தனியாக ஓர் இணைய அட்டை போட்டார்கள். 2022-ல் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடின் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே பாட்டு அரங்கேறியது. எழுதியதும் மெட்டமைத்ததும் பாடியதும் நானே, எனக்கு யாரும் ஒரு சொல்லோ மெட்டோ எடுத்துக் கொடுக்கவில்லை என்று அறிவு எழுதினார். இசையமைத்த சந்தோஷ் நாராயணன் அதை மறுத்து, இசை தம்முடையது, வருவாய் மூவருக்கும் சமம் என்று அறிக்கை விட்டார். 2024 மார்ச்சில் அதே சந்தோஷ் நாராயணன், பாட்டின் வருவாயில் ஒரு காசுகூடத் தங்களுக்கு வந்து சேரவில்லை என்று சொன்னார்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் அந்த அறையில் இருந்தவன் அல்ல. ஆனால் ஒன்று தோன்றுகிறது. மெட்டு ஒருவர், சொல் ஒருவர், குரல் ஒருவர் என்று கூறு போடுவது சினிமாவின் தொழில்முறை. நாட்டுப்புறத்தில் அந்தக் கணக்கே இல்லை. அங்கே 'பாட்டுக் கட்டுவது' என்று ஒரே வினைதான் உண்டு. சொல் வரும்போதே ராகத்தோடு வருகிறது; கட்டியவளே பாடுகிறாள். அமெரிக்காவில் உட்டி கத்ரி, புழுதிப் புயலில் நிலம் இழந்து ஊர் பெயர்ந்த குடியானவர்களைப் பாடி 1940-ல் இசைத்தட்டு வெளியிட்டார். எத்தனையோ பாட்டுக்குப் பழைய மெட்டைத்தான் எடுத்தாண்டார். ஆனாலும் அவை கத்ரியின் பாட்டுக்கள் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. நம்மிடம் கட்டுகிறவனுக்குப் பெயர் வைக்கும் வழக்கமே இல்லை. 'நாட்டுப் பாடல்' என்று சொல்லி எடுத்துக்கொண்டு விடுகிறோம்.

'விடுகிறோம்' என்று என்னையும் சேர்த்தே சொல்கிறேன். பதினைந்து வருஷங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு நாவலில் சாவு வீட்டுக் காட்சி ஒன்று வருகிறது. அதில் உள்ள ஒப்பாரியைப் பாராட்டி எனக்குக் கடிதங்கள் வந்தன. அது என்னுடையது அல்ல. காட்பாடிக்கு அருகே ஒரு தெருவில், மாரில் அடித்துக்கொண்டு அழுத ஒரு கிழவி பாடியது. சுவர் ஓரமாக நின்று பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் குறித்துக்கொண்டேன். பாராட்டுக் கடிதங்களுக்கெல்லாம் நன்றி எழுதினேன். ஒன்றில்கூட அவளைப் பற்றிச் சொல்லவில்லை.

2024-ல் அறிவு தம்முடைய 'அம்பாசா' குழுவோடு 'வள்ளியம்மா பேராண்டி' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு பாட்டுக்கள். 'தெருக்குரல்' பாடிய அதே இளைஞர்தான், ஆனால் இப்போது அவசரம் குறைந்திருக்கிறது. மூச்சு வாங்க இடம் விட்டிருக்கிறார். கோஷம் முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் கோஷம் போடுகிற ஆள் யார், எந்த வீட்டிலிருந்து வருகிறான் என்று இப்போது தெரிகிறது. தலைப்பில் தம்மை ஒரு தோட்டத் தொழிலாளியின் பேரன் என்று எழுதியிருக்கிறார், பாருங்கள். பிதாவின் பெயரையும் பட்டத்தையும் போட்டுக்கொள்கிற நம் எழுத்துலகத்தில் அப்படிக் கையெழுத்திட்டவர்கள் எத்தனை பேர்?

அந்தத் தொகுப்பைக் கேட்ட வாரத்தில்தான் என் நாவலின் மறுபதிப்புக்கு முன்னுரை கேட்டார்கள். அந்தத் தெருவுக்குப் போனேன். கிழவி இறந்து எட்டு வருஷம் ஆகிறதாம். பேர் என்ன என்று கேட்டேன்.

"ஆயான்னுதான் சார் கூப்பிடுவோம்" என்றார் ஒரு நடுத்தர வயதுக்காரர். உள்ளே திரும்பி மனைவியைக் கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை. "ரேஷன் கார்டுல இருக்கும், எடுத்துப் பாக்கணும். நீங்க ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார்.

முன்னுரையை இன்னும் அனுப்பவில்லை.