13 வாரத்து நர்ஸ்: ஒரு ஒப்பந்தத்தை வாசித்தல்

அமெரிக்காவில் 'டிராவல் நர்ஸ்' என்று ஒரு வேலை இருக்கிறது. ஒரு ஆஸ்பத்திரியில் 13 வாரம். அது முடிஞ்சதும் வேறொரு ஊரில், வேறொரு ஆஸ்பத்திரியில் இன்னொரு 13 வாரம். இதைத் தமிழில் எப்படிச் சொல்றது? 'பயணச் செவிலியர்' என்றால் ஏதோ சுற்றுலாக் குழுவோடு போகிறவர் மாதிரி இருக்கிறது. 'ஒப்பந்தச் செவிலியர்' என்றால் நம்ம ஊரில் அதற்கு வேறொரு அர்த்தம் ஏற்கனவே இருக்கிறது. அந்த அர்த்தத்துக்குப் பின்னால் வருகிறேன். இப்போதைக்கு டிராவல் நர்ஸ் என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த வேலையைப் பற்றி இணையத்தில் தேடினால் திரும்பத் திரும்ப இரண்டு கதைகள்தான் கிடைக்கின்றன. ஒன்று, சுதந்திரக் கதை. காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கொலராடோ மலைக்கோ ஹவாய் கடற்கரைக்கோ போகிற நர்ஸ். வாரத்தில் மூன்று நாள் வேலை, நான்கு நாள் ஊர் சுற்றல், கை நிறையப் பணம். ஏஜென்சி விளம்பரங்களும் யூடியூப் வீடியோக்களும் சொல்றது இதைத்தான். இன்னொன்று, கூலிப்படைக் கதை. கொரோனா காலத்தில் வாரம் 5,000 டாலருக்கு மேல் கேட்டு வாங்கிக்கொண்டு, அதே வார்டில் வருஷக்கணக்காக உழைத்த நிரந்தர நர்ஸின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர்கள் என்கிற கதை. ஆஸ்பத்திரி நிர்வாகங்கள் அதிகம் சொல்றது இதை.

இரண்டுமே ஆளைப் பற்றிய கதைகள். அவர் துணிச்சல்காரரா, பேராசைக்காரரா என்பதுதான் கேள்வி. அவர் கையெழுத்துப் போடுகிற தாளை இரண்டு கதையும் பார்ப்பதில்லை. ஒரு இலக்கியப் பிரதியை வாசிப்பது போல அந்தத் தாளை, இந்தத் தொழிலில் வழக்கமாகப் புழங்கும் வடிவத்தில், வாசித்துப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை.

முதலில் 'வாரம் 36 மணி நேரம்' என்ற வரி. 12 மணி நேர ஷிப்ட் மூன்று. விளம்பரம் இதை 'நான்கு நாள் லீவு' என்று மொழிபெயர்க்கிறது. ஆனால் இரவு 7 மணிக்குப் போய்க் காலை 7 மணிக்கு வருகிறவருக்கு, மூன்று இரவும் அடுத்தடுத்து விழுந்தால், நாலாவது நாள் தூங்கியே போய்விடும். பக்கத்திலேயே சில வரிகள் இருக்கும்: நோயாளிகள் குறைவாக இருந்தால் ஷிப்டை ஆஸ்பத்திரி ரத்து செய்யலாம். நர்ஸ் விடுப்பு எடுத்தால் அந்த நேரத்துக்கான பணம் பிடிக்கப்படும். 'உத்தரவாதமான மணி நேரம்' என்று தனியாக எழுதி வாங்காவிட்டால், ரத்தான ஷிப்டுக்கும் சம்பளம் கிடையாது. ஒப்பந்தத்தையே பாதியில் முடித்துக்கொள்ளவும் ஆஸ்பத்திரிக்கு வழி இருக்கும். ஆக, 13 வாரம் என்பது நர்ஸின் பக்கம் வாக்குறுதி மாதிரியும் ஆஸ்பத்திரியின் பக்கம் உத்தேசம் மாதிரியும் எழுதப்பட்டிருக்கிறது.

அடுத்தது சம்பளம். இதுதான் இந்தப் பிரதியின் கெட்டிக்காரத்தனமான பகுதி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கிற வாரத்தொகை ஒரே சம்பளம் இல்லை, இரண்டு துண்டு. ஒன்று, வரி கட்ட வேண்டிய மணிக்கூலி. இது பெரும்பாலும் ரொம்பக் கம்மியாக இருக்கும். மற்றது, வாடகைப்படியும் சாப்பாட்டுப்படியும். இதற்கு வரி இல்லை. ஆனால் வரி இல்லாமல் இருக்க ஒரு நிபந்தனை உண்டு. நர்ஸுக்கு வேறெங்கோ ஒரு சொந்த இருப்பிடம், வரித்துறை ஒப்புக்கொள்கிற மாதிரி, இருக்க வேண்டும். அதற்கு அவர் செலவும் செய்துகொண்டிருக்க வேண்டும். ஒரே ஊரில் ஒரு வருஷத்துக்கு மேல் நீடிக்கப் போகிற வேலை என்றால் அது 'தற்காலிகம்' என்ற கணக்கிலேயே வராது.

இதில் இருக்கிற வேடிக்கையைக் கவனிங்க. 'வீடு, வாடகை எல்லாத்தையும் விட்டுட்டு சுதந்திரமா கிளம்புங்க' என்கிறது வீடியோ. வரிச் சட்டமோ, வீட்டை விடாதவருக்குத்தான் சலுகை தருகிறது. நிஜமாகவே வீட்டைக் காலி செய்துவிட்டு வேனில் வாழ ஆரம்பித்தவருக்கு மொத்தத் தொகையும் வரிக்குள் வந்துவிடலாம்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. அந்தப் படி நிஜமாகவே வாடகைக்கும் சாப்பாட்டுக்கும்தானா? ஏஎம்என் என்ற பெரிய ஏஜென்சி மீது நர்ஸ்கள் தொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரியில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. நர்ஸ் ஒரு ஷிப்டுக்கு வரவில்லை என்றால் ஏஜென்சி படியையும் விகிதப்படி குறைத்தது. வெளியூரில் தங்கியிருக்கிறவருக்கு, ஒரு நாள் டூட்டிக்குப் போகாவிட்டால் வாடகை குறையுமா, பசி குறையுமா? குறையாது இல்லையா. அப்படியானால் இது செலவுக்கான படி அல்ல, செய்த வேலைக்கான கூலிதான். ஓவர்டைம் கணக்குப் போடும்போது இதையும் சேர்க்க வேண்டும் என்பது தீர்ப்பு. ஒரு சொல்லை அதன் நடத்தையை வைத்து வாசிப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

கூலி கம்மி, படி அதிகம் என்ற இந்த ஏற்பாட்டுக்குப் பின்னாளில் ஒரு விலை உண்டு. ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி, வரிக்கு உட்பட்ட வருமானத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. 30 வயதில் கை நிறைய வாங்கியதில் ஒரு பகுதி, 67 வயதில் கிடைக்க வேண்டியதிலிருந்து எடுத்த கடன்.

மூன்றாவது, என்னை அதிகம் யோசிக்க வைத்த தாள்: திறன் பட்டியல். வேலைக்கு அனுப்பும் முன் ஏஜென்சி ஒரு நீண்ட பட்டியலைக் கொடுக்கும். வென்டிலேட்டர் நோயாளி, மார்புக் குழாய், ரத்தம் ஏற்றுதல் என்று ஒவ்வொன்றுக்கும் நேரே நர்ஸ் தனக்குத்தானே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். இதன் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. திறமை என்பது பெட்டியில் போட்டு எடுத்துப்போகிற சாமான். டெக்ஸாஸில் திறந்தாலும் ஓரிகனில் திறந்தாலும் அதே சாமான் இருக்கும் என்ற நம்பிக்கை.

பாதி உண்மைதான். ஆனால் மீதி? மயங்கி விழுந்தவருக்கான அவசர மருந்து வண்டி எந்த மூலையில் நிற்கிறது, மருந்து அலமாரியைத் திறக்கும் கடவுச்சொல் வேலை செய்யாவிட்டால் யாரைக் கூப்பிடணும், ராத்திரி 3 மணிக்கு எந்த டாக்டர் போனை எடுப்பார், எவர் எரிந்து விழுவார், இந்த வார்டில் 'கொஞ்சம் பாத்துக்கங்க' என்றால் என்ன அர்த்தம். இதெல்லாம் எந்தப் பட்டியலிலும் இல்லை. பாட்ரீசியா பென்னர் 1984-இல் எழுதிய புத்தகத்தில் நர்ஸின் வளர்ச்சியை, புதியவர் முதல் வல்லுநர் வரை ஐந்து படிகளாகப் பிரித்தார். அதிலேயே அவர் சொன்ன ஒரு விஷயம் முக்கியம்: எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், பழக்கமில்லாத நோயாளிகளும் சூழலும் உள்ள இடத்துக்குப் போனால் அவர் மறுபடி முதல் படியில் நிற்கக்கூடும். டிராவல் நர்ஸ் வருஷத்துக்கு மூன்று நான்கு முறை அப்படி நிற்கத் தயாராக இருக்கிறவர். அதற்கு ஒப்பந்தம் ஒதுக்குகிற அறிமுகப் பயிற்சி பல இடங்களில் ஒன்றிரண்டு ஷிப்ட். அதோடு 'ஃப்ளோட்' என்று ஒரு வரி இருக்கும். ஆள் குறையும் வார்டுக்கு அனுப்பும்போது, டிராவல் நர்ஸைத்தான் முதலில் அனுப்பலாம். அறிமுகமில்லாத ஆஸ்பத்திரிக்குள் இன்னும் அறிமுகமில்லாத ஒரு வார்டு.

அப்போ, டிராவல் நர்ஸ் இருந்தால் நோயாளிக்கு ஆபத்தா? கூலிப்படைக் கதை சொல்பவர்கள் இங்கேதான் வந்து நிற்பார்கள். லிண்டா எய்க்கன் குழுவின் ஆய்வுகள் இங்கே உதவும். 2002-இல் பென்சில்வேனியாவின் 168 ஆஸ்பத்திரிகளை வைத்து அவர்கள் சொன்னது: ஒரு நர்ஸுக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, அறுவை சிகிச்சை நோயாளி இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. ஏஜென்சி நர்ஸ்களைப் பற்றிப் பின்னால் செய்த ஆய்வுகளில், அவர்களை அதிகம் பயன்படுத்தும் ஆஸ்பத்திரிகளில் தெரிகிற மோசமான விளைவுகளுக்கு அந்த நர்ஸ்கள் காரணமாகத் தெரியவில்லை. அந்த ஆஸ்பத்திரிகளின் வேலைச் சூழலே மோசம் என்பதுதான் விளக்கம் என்றார்கள். சட்டியில் ஓட்டை இருக்கும்போது ஊற்றுகிறவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

அந்த ஓட்டையைப் பற்றி ஒப்பந்தம் வாய் திறப்பதில்லை. கலிபோர்னியா 1999-இல் சட்டம் போட்டு, 2004 முதல் ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று வரையறுத்தது. ஐசியுவில் இரண்டு, பொது வார்டில் இன்று ஐந்து. அங்கே ஆள் குறைந்தால் நிர்வாகம் யாரையாவது கொண்டுவந்தே ஆக வேண்டும், அதனால் டிராவல் நர்ஸுக்குக் கிராக்கி. இப்படி வரம்பு இல்லாத மாநிலங்களில் நிர்வாகத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: இருக்கிற நர்ஸ் தலையிலேயே இன்னும் இரண்டு நோயாளிகளைக் கட்டுவது. அப்படிக் கட்டக் கட்ட நிரந்தர நர்ஸ் வேலையை விடுகிறார். விட்டவர் டிராவல் நர்ஸாகிறார். அவரை மாதிரி ஒருத்தரையே அதிக விலைக்கு ஆஸ்பத்திரி வாங்குகிறது. அமெரிக்க ஆஸ்பத்திரிகள் சங்கத்தின் கணக்குப்படி, மொத்த நர்ஸ் வேலை நேரத்தில் டிராவல் நர்ஸ்களின் பங்கு 2019 ஜனவரியில் 3.9 சதவீதம், 2022 ஜனவரியில் 23.4 சதவீதம். அதே மாதம் ஏறத்தாழ 200 அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்கள், ஏஜென்சிகளின் விலை உயர்வை விசாரிக்கச் சொல்லி வெள்ளை மாளிகைக்குக் கடிதம் எழுதினார்கள். இவ்வளவு பேர் ஏன் நிரந்தர வேலையை விட்டுப் போனார்கள் என்ற கேள்விக்கு அப்படி ஒரு பரபரப்பு இல்லை.

இப்போ, முதலில் விட்ட மொழிபெயர்ப்புப் பிரச்சினைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 'ஒப்பந்தச் செவிலியர்' என்றால் என்ன ஞாபகம் வரும்? 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வு எழுதி, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள். 2017 நவம்பரில் பணி நிரந்தரம் கேட்டு சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்தவர்கள். கொரோனா காலத்தில் எடுக்கப்பட்டு 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு வேலை முடிந்தது என்று அனுப்பப்பட்டவர்கள். இங்கே தற்காலிகம் என்றால் நிரந்தர ஊழியரைவிடக் குறைந்த சம்பளம். அங்கே தற்காலிகம் என்றால் நிரந்தர ஊழியரைவிட அதிகம். சொல் ஒன்றுதான், விலை தலைகீழ்.

ஏன் இந்த வித்தியாசம்? திறமை காரணம் இல்லை. 'வேண்டாம், போறேன்' என்று சொல்ல யாருக்கு முடியும் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அமெரிக்க டிராவல் நர்ஸ் கையில், ஏறத்தாழ 40 மாநிலங்களில் செல்லுபடியாகும் ஒரே உரிமம் இருக்கலாம். ஒரு இடம் பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே இன்னொரு ஏஜென்சியைக் கூப்பிடலாம். நம்ம ஊர் ஒப்பந்தச் செவிலியர் நிரந்தரத்துக்காகக் காத்திருக்கிறார். போனால் காத்திருந்த வருஷமெல்லாம் வீண். மூன்றாவதாக ஒருத்தரும் இருக்கிறார்: அமெரிக்காவுக்கே வெளிநாட்டிலிருந்து வேலைக்குப் போகிற நர்ஸ். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த நர்ஸ்களின் ஒப்பந்தத்தில், பாதியில் விலகினால் 25,000 டாலர் கட்ட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2019-இல் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று அது செல்லாது என்றது. ஒருத்தருக்குப் போவதற்காகவே பணம், ஒருத்தருக்குப் போனால் அபராதம், ஒருத்தருக்குப் போகச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். மூவரும் செய்வது ஒரே வேலை. என்கிளெக்ஸ் தேர்வுக்குச் சென்னையில் உட்கார்ந்து படிக்கிறவர்கள், வீடியோவில் பார்ப்பது முதலாமவரின் வாழ்க்கை. போய் இறங்கியதும் பெரும்பாலும் கையெழுத்துப் போடப்போவது மூன்றாமவரின் தாளில். இந்த வேறுபாட்டை அந்த வீடியோக்கள் சொல்றதில்லை என்பதுதான் என் முக்கியமான புகார்.

சுதந்திரக் கதை முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். கடனை அடைத்தவர்கள் இருக்கிறார்கள். மோசமான மேலாளரிடமிருந்து தப்பித்தவர்கள், வார்டு அரசியல் ஒட்டாமல் வேலையை மட்டும் பார்த்துவிட்டு வந்து நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்தச் சுதந்திரம், 'நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு ஆகாது' என்ற நிலைமை இருக்கும் வரைதான். 2022-க்குப் பிறகு கிராக்கி இறங்கியதும், ஒப்பந்தம் நடுவிலேயே சம்பளத்தைக் குறைத்த கதைகளும் ரத்து செய்த கதைகளும் வர ஆரம்பித்தன. தாளில் அதற்கு ஏற்கனவே இடம் இருந்தது. நல்ல காலத்தில் யாரும் அந்த வரியை வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த முறை யாராவது இப்படி ஒரு வீடியோவையோ வேலை விளம்பரத்தையோ உங்களுக்கு அனுப்பினால், வாரத்தொகையை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேட்டுப் பாருங்க. ஷிப்ட் ரத்தானால் பணம் உண்டா? எந்தெந்த வார்டுக்கெல்லாம் அனுப்புவார்கள்? நடுவில் விலகினால் யார் யாருக்குக் கட்ட வேண்டும்? பதிலை வாய்மொழியாக வாங்காதீங்க. எழுத்தில் கேளுங்க.