பெருமைப் பட்டியல்

நாட்டின் பெருமையைச் சொல்லும் கட்டுரைகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. அவற்றின் அமைப்பும் அநேகமாக ஒன்றுதான். 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயில், 1963-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பக்ரா அணை, 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி நிலவில் இறங்கிய சந்திரயான்-3, எல்லாம் கல்யாண வீட்டுச் சீர்த் தட்டுகளைப் போல வரிசையாக அடுக்கியிருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் தட்டுக்கும் தட்டுக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்பதில்லை.

கதை எழுதுகிறவனுக்கு இது உறுத்துகிறது. ஒரு சம்பவத்துக்குப் பின்னால் இன்னொரு சம்பவம் வந்துவிட்டால் கதை ஆகிவிடாது. முன்னதால் பின்னது நடக்க வேண்டும். பெருமைக் கட்டுரைகளில் அந்த 'ஆல்' இருப்பதில்லை. ராஜராஜன் கோபுரம் எழுப்பினான், ஆகவே நாம் ராக்கெட் விடுகிறோம் என்பது தர்க்கமும் அல்ல, கதையும் அல்ல.

உண்மையான உறவு உள்ள இடங்கள் இருக்கின்றன. கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை மணல்மேல் நிற்கிறது. ஆற்று மணலில் அஸ்திவாரம் நிலைப்பது எப்படி என்பதை ஆர்தர் காட்டன் அதைப் பார்த்தே கற்றுக்கொண்டார். 1836-இல் முக்கொம்பில் மேலணை எழுந்தது. 1847-இல் தொடங்கி 1852-இல் முடிந்த கோதாவரி அணைக்கட்டுக்கும் அந்த அறிவே உதவியது. பாரம்பரியம் என்றால் இதுதான். கும்பிட்டுவிட்டு நகர்கிற பொருளல்ல. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிற வித்தை. கற்றுக்கொண்டவர் வெள்ளைக்காரர் என்பதால் கல்லணையின் மதிப்பு குறையவில்லை.

இன்னோர் உதாரணம். 1981-இல் ஆப்பிள் செயற்கைக் கோளை மாட்டு வண்டியில் வைத்திருக்கும் படத்தை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். "ஏழை நாடு, ஆனாலும் எட்டிப் பிடித்தது" என்று அதன் கீழே எழுதுவது வழக்கம். கண் கலங்க வைக்கும் வாசகம்தான். ஆனால் விஷயம் வேறு. ஆன்டெனாவைச் சோதிக்கும்போது அடியில் காந்தத் தன்மை உள்ள உலோகம் இருந்தால் அளவு கெட்டுவிடும். அதனால்தான் மர வண்டி. அது வறுமையின் சின்னமல்ல, ஒரு எஞ்சினீயரின் புத்தி. உருக்கத்தைத் தேடிய எழுத்து, கண்ணெதிரே இருந்த சாமர்த்தியத்தைத் தவறவிட்டது.

பட்டியல் தவறவிடும் இன்னொன்றும் உண்டு. மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. டெல்டாவுக்குச் சோறு போட்ட அணை. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நீர் மட்டம் நன்றாக இறங்கும் வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் ஒரு நந்தியும் ஒரு மாதா கோயில் கோபுரமும் தலை நீட்டுகின்றன. முழுகிய ஊர்களின் மிச்சம். பாரம்பரியம் முதல் பாராவிலும் அணை இரண்டாம் பாராவிலும் சமர்த்தாக உட்கார்ந்திருக்க, இங்கே ஒன்றின்மேல் ஒன்று கிடக்கிறது.

இதைச் சொல்ல நாவலால் முடியும். 1959-இல் திறந்த வைகை அணைக்காக ஊரை இழந்தவர்களின் கதை, வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாச'மாக வருவதற்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதன் உணர்ச்சிப் பெருக்கு சில இடங்களில் எனக்கு அதிகமாகப் படுகிறது. இருந்தாலும் பேயத்தேவர் என்ற ஒரு கிழவர், பாசனப் புள்ளி விவரங்களுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிறார். அவரைப் படித்தபின் அணை வேண்டாம் என்று தோன்றவில்லை. கடன் பட்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது.

அணைகளைக் கோயில்கள் என்று போற்றிய நேருவே 1958-இல், பெரிதாகக் கட்டுவதற்காகவே பெரிதாகக் கட்டுவது ஒரு வியாதி என்று எச்சரித்தார். பட்டியல்காரர்கள் முதல் பேச்சை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்தபோது, காட்டன் கட்டிய அந்த மேலணையில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. கட்டியதைப் பற்றி எத்தனை கட்டுரைகள்! பராமரித்தவர்களைப் பற்றி ஒன்றாவது படித்த ஞாபகம் உங்களுக்கு உண்டா? மதகுக்கு எண்ணெய் போடுகிறவன், கரையில் எலி வளை தேடி அடைக்கிறவன், இவர்கள் பட்டியலில் ஏறுவதில்லை. கல்லணை இத்தனை காலம் நிற்பது கரிகாலன் ஒருவனால் அல்ல. ஒவ்வொரு தலைமுறையும் அதைச் செப்பனிட்டதால்.

பெருமைப்பட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலவில் கலம் இறங்கிய மாலை நானும்தான் கை தட்டினேன். பெருமையை எழுதுகிறவர்கள் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதட்டும் என்கிறேன்: இதை யாரிடமிருந்து கற்றோம்? இதற்காக யார் இடம் விட்டார்கள்? நாளைக்கு இதை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்? பதில் இருந்தால் பட்டியல் சரித்திரமாகும். இல்லாவிட்டால் அது வெறும் சீர்வரிசை. விருந்து முடிந்ததும் தட்டுகளை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள்.