செய்தியும் சனதும்

நாள்தோறும் நம்மை வந்தடையும் செய்திகளை ஏற்பதற்கு நம்மிடம் என்ன அளவுகோல் இருக்கிறது? கள்ளக்குறிச்சி கண்ட இரு துயரங்கள் இவ்வினாவை எழுப்புகின்றன.

2022 ஜூலையில் கனியாமூரில் பள்ளி மாணவி ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து, சொன்னவர் யாரென்றே தெரியாத செய்திகள் வாட்ஸ்அப் வழியே பரவின. 17ஆம் நாள் கூட்டம் திரண்டது. பள்ளிப் பேருந்துகள் எரிக்கப்பட்டன. அச்செய்திகளுக்குச் சனத் எனும் அறிவிப்பாளர் தொடரே இல்லை.

2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. முதல் மரணங்களுக்குக் கள்ளச்சாராயம் காரணமன்று என மாவட்ட நிர்வாகம் தொடக்கத்தில் அறிவித்தது. அதை நம்பி மேலும் சிலர் அருந்தினர் என்ற குற்றச்சாட்டு பின்னர் எழுந்தது. இங்கே சனத் இருந்தது; ஆய்வு இல்லை.

ஹதீஸ் கலை வல்லுநர்கள் அறிவிப்பாளரிடம் அதாலத் எனும் நேர்மையோடு ளப்த் எனும் துல்லியத்தையும் தேடினர். பதவி இவ்விரண்டுக்கும் ஈடாகாது. செய்தியைத் தீர விசாரிக்கப் பணிக்கும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு நேர்ந்துவிடக் கூடாது என்பதையே காரணமாக முன்வைக்கிறது.

சொல்லாமல் விடுவதாலும் தீங்கு நேர்கிறது. கல்வராயன் மலை, சாராய ஊறல் அழிப்புச் செய்தியில் அடிக்கடி இடம்பெறும். அங்குள்ள பழங்குடியினரின் வாழ்நிலை பேசப்படுவதற்கோ, 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கெடுக்க வேண்டியிருந்தது.

ஊடகத்தை மட்டும் குறைகூறிப் பயனில்லை. கேட்டதைப் பிறருக்கு அனுப்பும் ஒவ்வொருவரும் ஓர் அறிவிப்பாளரே. இதை யாரிடமிருந்து பெற்றேன், அவர் எவ்வாறு அறிந்தார் என வினவிய பின்னரே அனுப்புவது நம்மீது கடமையாகும்.