ஒரு டிஷ், மூன்று டிவி

பனமரத்துப்பட்டிப் பக்கத் தோட்டத்து வீடுகளில் ஹாலில் ஒரு டிவி இருந்தால் போதாது. மாடியில் மகன் குடும்பத்துக்கு ஒன்று வேண்டும். அரளி மொட்டைக் கொட்டிக் கட்டுகிற கொட்டகையில் பழைய டிவி ஒன்று ஓடும். மொட்டை மாடியில் டிஷ் மட்டும் ஒன்றுதான். அப்படி ஒரு வீட்டில் வயர் போட்டும், வயர் இல்லாமலும் இணைத்துப் பார்த்தேன்.

பலரும் முதலில் கை வைப்பது ஸ்ப்ளிட்டரில். டிஷ்ஷிலிருந்து இறங்கும் கேபிளை இரண்டாகப் பிரித்து இரண்டு செட்டாப் பாக்ஸுக்குக் கொடுத்துவிடுவார்கள். கேபிள் டிவிக்கு அது சரிப்படும், டிஷ்ஷுக்குச் சரிப்படாது. பாக்ஸ் அதே கேபிள் வழியாக, டிஷ்ஷின் முன்னால் நிற்கிற எல்என்பி என்ற வாங்கிக்கு மின்சாரமும் அனுப்புகிறது. 13 வோல்ட் போனால் ஒரு பகுதிச் சேனல்கள் இறங்கும், 18 வோல்ட் போனால் மறு பகுதி. ஹாலில் 18 கேட்கிற சேனலை வைத்த நிமிடமே, 13 கேட்கிற சேனல் மாடியில் காணாமல் போகும். "மேகம் போட்டிருக்குதுங்க, அதான்" என்று வானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இதற்கு மருந்து ட்வின் எல்என்பி: இரண்டு வாய், பாக்ஸுக்கு ஒரு தனிக் கேபிள். இன்னொரு டிஷ் தேவையில்லை. இடப் பிரச்சினையும் இங்கே குறைவு. டிடி ஃப்ரீ டிஷ் வருகிற ஜிசாட்-15 செயற்கைக்கோள், சேலத்திலிருந்து பார்த்தால் தென்கிழக்கே ஏறக்குறைய 67 டிகிரி உயரத்தில் நிற்கிறது. ஜருகுமலை மறைக்காது, சற்றுத் தள்ளி நிற்கிற தென்னையும் மறைக்காது.

வெளிநாட்டில் பல அறைகளுக்குச் சேனல் அனுப்புவதை நிறுவனங்களே செய்து கொடுக்கின்றன. அமெரிக்காவின் டிஷ் நெட்வொர்க் 2012-ல் 'ஹாப்பர்' என்ற தாய்ப் பெட்டியையும், மற்ற அறைகளுக்கு 'ஜோயி' என்ற குட்டிப் பெட்டிகளையும் கொண்டுவந்தது. பிரிட்டனின் ஸ்கை க்யூ 2016-ல் வைஃபையிலேயே அறைக்கு அறை சேனலை அனுப்பியது. நம்மூர் ஆண்ட்ராய்டு செட்டாப் பாக்ஸிலும் லேன் சாக்கெட்டும் வைஃபையும் இருக்கின்றன, ஆனால் அவை யூடியூபுக்கும் ஓடிடிக்கும்தான். வானத்திலிருந்து வாங்கிய சேனலைப் பக்கத்து அறைப் பெட்டிக்குத் தராது. மிச்சமிருக்கிற வழி, ஹால் பாக்ஸின் படத்தை அப்படியே எச்டிஎம்ஐயில் பிடித்து மற்ற டிவிகளுக்குக் கடத்துவது.

வயர்லெஸ் எச்டிஎம்ஐ கருவியைக் கொட்டகைக்கு வைத்தேன். ஹால் ஜன்னலுக்கும் கொட்டகைக்கும் நடுவே வெறும் வாசல்தான் என்பதால் படம் பளிச்சென்று வந்தது. அதையே மாடிக்குக் கொண்டுபோனதும் திணறியது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குக் கான்கிரீட் தளம் பெரிய எதிரி. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிற மீட்டர் கணக்கெல்லாம் வெட்டவெளிக்கு. ரிமோட்டை அழுத்தினால் ஒரு மூச்சு தாமதித்துத்தான் சேனல் மாறுகிறது. சீரியலுக்குப் பரவாயில்லை. கிரிக்கெட்டில், ஹாலில் கைதட்டல் கேட்ட பிறகு கொட்டகையில் பந்து பறக்கும்.

மாடிக்குக் கேட்6 வயர் இழுத்தோம். இரு முனையிலும் சிறு பெட்டி, நடுவே ஒரே வயர். விலை வயர்லெஸ்ஸைவிடக் குறைவு, படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எனக்குச் சந்தேகமே இல்லை, வயர்தான். ஆனால் கடையில் வாங்கும்போது முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். முழுச் செம்பாகக் கேளுங்கள். வெயிலில் ஓடுகிற பகுதிக்குக் கறுப்பு உறை போட்ட அவுட்டோர் வயர் வேண்டும், எலியும் அணிலும் இருப்பதால் பிவிசி பைப்பும் வேண்டும். இடி இடிக்கும்போது இரு முனையையும் கழற்றிவிடுவது நல்லது.

இந்தக் கருவிகளோடு ஒரு சிறு ஐஆர் கண் வரும். அதைப் பாக்ஸின் முகத்தில் ஒட்டினால் மாடியிலிருந்தே ரிமோட் வேலை செய்யும். சண்டை தொடங்குவதும் அங்கேதான். பாக்ஸ் ஒன்று என்பதால் சேனலும் ஒன்று. மாடியில் மருமகள் மாற்றினால் ஹாலில் மாமியாருக்கும் மாறும். பழைய டிவி 720பி என்றால், படத்தைப் பிரிக்கிற எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் அதற்கேற்ப இறங்கி, ஹாலின் 4கே டிவியிலும் அதே படத்தைக் காட்டிவிடும்.

ஆளுக்கொரு சேனல் வேண்டும், நெட்வொர்க்கும் வேண்டும் என்றால், பூட்டில்லாத சேனல்கள் வருகிற ஃப்ரீ டிஷ்ஷில் அது நடக்கும். லக்சம்பர்க்கின் செயற்கைக்கோள் நிறுவனம் எஸ்இஎஸ் 2012-ல் அறிவித்த 'சாட்-ஐபி' முறையில், டிஷ் சிக்னலை ஒரு பெட்டி வாங்கி ரவுட்டருக்குக் கொடுத்துவிடும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியும் டியூனரும் இருந்தால் 'டிவிஹெட்எண்ட்' என்ற இலவச மென்பொருளே போதும். ஒரு டியூனர், பல சேனல்களைச் சுமக்கிற ஒரு டிரான்ஸ்பாண்டரை முழுதாகப் பிடிப்பதால், அதிலுள்ள வெவ்வேறு சேனல்களை மூன்று டிவியும் தனித்தனியே பார்க்கலாம். தமிழ்ச் சேனல் சொற்பம் என்பதுதான் குறை. கட்டணச் சேனல் பார்க்கிற வீட்டுக்கு இது விளையாட்டுச் சாமான்.

ஆகவே கொட்டகைக்கு வயர்லெஸ் போதும். சேனல் சண்டை வேண்டாமென்றால் மாடிக்கு இரண்டாவது பாக்ஸே வாங்கிவிடுங்கள். இரண்டாவது டிவியின் நெட்வொர்க் கட்டணம் முதல் டிவியினுடையதில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாதென்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020-ல் வைத்திருந்தது. 2024-ல் அந்தக் கட்டணத்தின் உச்சவரம்பையே எடுத்துவிட்டதால், மல்டி டிவிக்கு மாதம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாட்ட வருகிறவரிடம் ட்வின் எல்என்பி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு டிஷ்ஷை மாட்டிவிட்டுப் போய்விடுவார்.